பகலிலும் சாத்தியிருந்த சுவர்

பெரிய வீடு கட்டுகிறவர்கள் பிளஸ்ஸியைத் தேடி வந்ததில்லை. இடம் இல்லாதவர்களுக்குத்தான் அவள் தேவைப்பட்டாள். பகலில் தையல் கடையாகவும் ராத்திரி நாலு பேர் படுக்கிற வீடாகவும் இருக்க வேண்டிய ஒற்றை அறை, காலையில் டியூஷன் நடந்து மத்தியானம் இட்லி மாவு விற்கிற முன்னறை, மாடிப்படிக்கு அடியில் ஒடுங்கிக் கிடக்கிற செல்போன் ரிப்பேர் கடை. இந்த மாதிரி வேலைகள்தான் வரும். சுவரோடு மடிந்துகொள்ளும் கட்டில், மேசையாக இறங்கும் பலகை, சக்கரம் வைத்த அலமாரி என்று அவள் வரைந்து கொடுப்பாள். இராஜபாளையத்தில் மரப்பட்டறை வைத்திருக்கும் வேலுசாமி அதைச் செய்து மாட்டுவார்.

அவள் இருந்தது ஸ்ரீவில்லிபுத்தூரில். நாற்பதைத் தாண்டிவிட்டாள், கல்யாணம் ஆகவில்லை. கட்டடக்கலை படித்துவிட்டுச் சென்னையில் ஒரு நிறுவனத்தில் வெகுகாலம் வேலை பார்த்தவள். சின்னச் சின்ன அடுக்குமாடி வீடுகளுக்கு உள்வேலை வரைவது அங்கே அவள் பொறுப்பு. ஒரே அறை காலையில் ஆபீஸ், மத்தியானம் பிள்ளை விளையாடும் இடம், ராத்திரி படுக்கை என்று மூன்று வேஷம் போட வேண்டும். அந்த வித்தையில் அவளுக்கு நல்ல பெயர். கல்யாணப் பேச்சுகளும் வந்தன. இவளுக்குப் பிடித்தபோது அங்கே பிடிக்கவில்லை, அங்கே பிடித்தபோது இவளுக்கு மனசு வரவில்லை. அப்படியே வருஷங்கள் நழுவிவிட்டன.

அம்மா, இவள் கல்லூரியில் இருக்கும்போதே போய்விட்டாள். தம்பி ஜோ குடும்பத்தோடு மஸ்கட்டில். அப்பா ஞானரத்தினம் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர், தானே பொங்கித் தின்று தெம்பாக இருந்தவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பிச் சட்டைப் பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே சரிந்து விழுந்தார். வலது பக்கம் இழுத்துக்கொண்டது. பேச்சும் குழறிப்போனது. பிளஸ்ஸி சென்னை அறையைக் காலி செய்துவிட்டு வந்து சேர்ந்தாள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்று நிறுவனத்தில் சொல்லிவிட்டார்கள்.

வீடு என்றால் ஒரு கூடம், ஓர் அடுப்படி, அவ்வளவுதான். கூடத்தின் குறுக்கே கம்பி ஓட்டிக் கனமான திரை ஒன்று போட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் அப்பா. தலைமாட்டை உயர்த்தினால் நாற்காலி போல ஆகிவிடும் கட்டிலைத் தெரு ஜன்னலுக்கு நேராகப் போட்டுக் கொடுத்தாள். இந்தப் பக்கம் சுவரிலிருந்து இறங்கும் மேசை, கம்ப்யூட்டர், ராத்திரியானால் அதே சுவரிலிருந்து இறங்கும் அவளுடைய கட்டில். சென்னையோடு வீடியோவில் பேசும் நேரங்களில் திரையை இழுத்து மூடிவிடுவாள். சில நாள் பேச்சு மத்தியானம் வரைக்கும் இழுக்கும். அப்பாவிடமிருந்து ஓர் அசைவு இருக்காது.

"எங்கப்பா தங்கமானவரு. நான் வேலை பாக்க உக்காந்தா அவரு தூங்கிருவாரு" என்று கூட வேலை பார்த்தவர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறாள்.

மூன்று வருஷம் இருந்துவிட்டு அவர் போனார். ஜோ வந்து காரியங்களை முடித்துவிட்டு லீவு தீருமுன் கிளம்பினான். அந்த வருஷமே சென்னை நிறுவனத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் இவள் பெயரும் இருந்தது.

எல்லாரும் போன பிறகு பிளஸ்ஸி திரையைக் கழற்றி மடித்து வைத்தாள். அப்பாவின் கட்டிலை சர்ச் மூலமாக ஒரு நோயாளிக்குக் கொடுத்தாள். கூடம் திடீரென்று பெரிசாகிவிட்டது. ஒரு சாண் இடத்தைக்கூட வீணாக்காமல் சேர்த்துப் பழகியவளுக்கு, இவ்வளவு இடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை. கொஞ்ச நாள் பழக்கதோஷத்தில் காலையில் கட்டிலைச் சுவரோடு தூக்கி மாட்டிக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். யார் நடமாட இடம் விட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, "சாப்பாட்டுக்கு என்னம்மா செய்யுத?" என்று யாராவது கேட்பார்கள். "ஆக்கி வச்சிட்டுத்தான் வந்தேன்" என்பாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

இந்த நாட்களில்தான் இராஜபாளையத்து வேலைகள் ஒவ்வொன்றாக வந்தன. அப்படி வந்தவள் முத்துப்பேச்சி.

முத்துப்பேச்சி பேண்டேஜ் கம்பெனியில், காயத்துக்குக் கட்டுகிற காஸ் துணி வெட்டுகிறவள். அவள் புருஷன் சீனிச்சாமி மில்லில் வேலை பார்த்து நின்றவர். ஒரே மகன் விஜயபாண்டி அதே ஊரில் ஒரு நூற்பு மில்லில் இருந்தான். குடியிருப்பு, வரிசையாக எட்டு வீடுகள் கொண்ட லைன் வீட்டில். முன்னால் வாசல், பின்னால் அடுத்த லைனின் சுவர், நடுவில் ஒரே நீள அறை. வாசலை ஒட்டி அடுப்புமேடை.

"பயலுக்குக் கல்யாணம் வச்சிருக்கோம் தாயி. மகாராஜபுரத்துப் பிள்ள. இம்புட்டு எடத்துல நாங்க ரெண்டு கெழடுகளும் கெடந்துக்கிட்டு, அதுக எங்க போகும்? வேற வீடு பாக்கச் சொல்லுதான். நான்தான் மாட்டேன்னுட்டேன். பிள்ளைய அனுப்பிட்டு நான் யாரப் பாத்துக்கிட்டு இருக்க?" என்றாள் முத்துப்பேச்சி.

அளந்து பார்த்துவிட்டு பிளஸ்ஸி ஒரு நகரும் சுவர் வரைந்தாள். அறையின் அகலம் முழுக்க அடைக்கிற மாதிரி இரண்டு உயரமான அலமாரிகள், அடியில் சக்கரம், தரையில் இரும்புப் பட்டை. பகலில் இரண்டையும் பின்சுவரோடு தள்ளிவிட்டால் முழு அறையும் எல்லாருக்கும். ராத்திரி முன்னால் இழுத்தால் பின்பாதி புதுப்பெண் மாப்பிள்ளைக்குத் தனி அறை. அந்தப் பக்கம் முதுகில் மடக்குக் கட்டில், இந்தப் பக்கம் தட்டுமுட்டுச் சாமான் வைக்கத் தட்டுகள். உச்சியில் காற்றுக்குச் சாய்ந்த சட்டங்கள். போகவர வேண்டுமானால் ஓர் அலமாரியை மட்டும் உள்ளே தள்ளினால் வழி பிறக்கும்.

வேலுசாமி அதை மாட்டிய அன்று லைன் வீட்டுப் பெண்கள் எல்லாரும் வந்து பார்த்தார்கள். முத்துப்பேச்சி ஒவ்வொருத்தருக்கும் சுவரை இழுத்து இழுத்துக் காட்டினாள். கல்யாணத்துக்கு பிளஸ்ஸியையும் கூப்பிட்டார்கள். அவள் போய்ச் சாப்பிட்டு, பெண் மாரிச்செல்வியின் கையில் ஒரு சில்வர் குடத்தைக் கொடுத்துவிட்டு வந்தாள்.

கல்யாணமாகிச் சில மாசம் போயிருக்கும். ஒரு நாள் முத்துப்பேச்சி டவுன் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்து நின்றாள். முகம் வாடியிருந்தது. போட்டுக் கொடுத்த டீயை ஒரே மூச்சில் குடித்து முடித்தாள்.

"அந்தச் சொவத்த எடுத்துரு தாயி" என்றாள்.

"ஏன், சக்கரம் மாட்டுதா?"

"சக்கரமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. சொவருதான் வேண்டாம். பயலுக்கு நைட் ஷிப்ட். காலைல வந்து தின்னுட்டுப் படுக்கான். சரி, அவன் தூங்கட்டும். அவளுக்கு என்ன வந்துச்சு? அவளும் உள்ள போயி சாத்திக்கிடுதா. நான் கம்பெனி விட்டு வந்தா வீட்டுல ஆளு இருக்கா இல்லையான்னே தெரியாது. ஒரு நா, ஏட்டி மாரி, டீ குடிக்கியான்னு கூப்பிட்டேன். வாயத் தொறக்கலயே. உள்ளதான் இருக்கா, வளையல் சத்தம் கேக்கு. பதில் இல்ல. நான் என்னத்தச் செஞ்சேன் அவளுக்கு?"

"உங்க வீட்டுக்காரரு என்ன சொல்லுதாரு?"

"அவியளுக்கு என்ன? விடிஞ்சா டீக்கடை, அடைஞ்சா வீடு. நான்தான் அந்தப் பலகையப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். எட்டு வருசம் நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து, பகல்ல இந்த மகன் எங்கிட்டதான் தூங்குனான். மிக்ஸி ஓடும், டிவி ஓடும், கொழாயடிச் சண்டை நடக்கும். ஒரு பேச்சு சொன்னதில்ல. இப்ப மட்டும் சொவரு வேண்டிக்கெடக்கு."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "நீ ஒத்தையாவா இருக்க, இம்புட்டு எடத்துல?" என்று கேட்டாள். பிளஸ்ஸி பதில் சொல்வதற்குள் அவளே, "எங்க போனாலும் இப்படித்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.

எடுப்பதற்கு முன்னால் ஒரு முறை வந்து பார்க்கிறேன் என்று பிளஸ்ஸி கேட்டுக்கொண்டாள். மாசாந்திர மின்தடை வருகிற நாளில் கம்பெனி லீவு, நான் வீட்டில் இருப்பேன், அன்றைக்கு வா என்றாள் முத்துப்பேச்சி.

அந்த நாளில் பிளஸ்ஸி போனபோது வெயில் ஏறியிருந்தது. வாசலில் முத்துப்பேச்சி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சுவர் அறையின் நடுவில் நின்றது. கரெண்ட் அப்போதுதான் போயிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் மின்விசிறி சுழன்று சுழன்று ஓய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் எதுவும் கேட்கவில்லை. இருவரும் இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். முத்துப்பேச்சி உதட்டைப் பிதுக்கி, பாத்தியா என்கிற மாதிரி சைகை காட்டினாள்.

கொஞ்ச நேரம் கழித்து இரும்புப் பட்டையில் ஒரு கீச்சொலி எழுந்தது. உடனே நின்றது. மறுபடி ஒரு கீச்சு, மறுபடி நின்றது. அலமாரி விரல்கடை விரல்கடையாக உள்ளே போனது. ஒவ்வொரு தடவையும் யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்து பிறகு தள்ளுகிறார்கள் என்று தெரிந்தது. ஓர் ஆள் ஒருக்களித்து நுழைகிற அளவு இடைவெளி வந்ததும் மாரிச்செல்வி வெளியே வந்தாள். சேலை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. நெற்றி முடி வேர்வையில் நனைந்திருந்தது. ஒரு கையால் மறுகை வளையல்களை அழுத்திப் பிடித்திருந்தாள். பிளஸ்ஸியைப் பார்த்ததும் திடுக்கிட்டு, வாயில் விரலை வைத்து, வெளியே வாங்க என்று தலையால் வாசலைக் காட்டினாள்.

மூன்று பேரும் குழாயடிக்குப் போனார்கள். மாரிச்செல்வி முகத்தை நனைத்துக்கொண்டு மூச்சு வாங்கினாள்.

முத்துப்பேச்சிதான் ஆரம்பித்தாள். "இப்ப மட்டும் வெளிய வரத் தெரியுதோ?"

"காத்து இல்ல அத்தை. அவிய தலையணைய நனைச்சுட்டுத் தூங்குறாக. எனக்கு மூச்சு முட்டிருச்சு."

"நான் அன்னைக்குக் கூப்பிட்டேன்ல? காதுல விழலயோ?"

"விழுந்துச்சு அத்தை." அந்தப் பெண்ணின் குரல் உடைந்தது. "பேசுனா அவிய முழிச்சிருவாக. தொறந்தாலும் முழிச்சிருவாக, இந்தச் சக்கரம் கத்துது. நீங்க டம்ளர வச்சிட்டுச் செத்த நேரம் நின்னது வரைக்கும் கேட்டுச்சு. பொறவு நீங்க போயிட்டீக. அன்னைக்கு ராத்திரி சொல்லணும்னு இருந்தேன். நீங்க மூஞ்சி கொடுக்கல. பயந்துட்டேன்."

"அவன் படுத்த பொறவு நீ வெளிய இருக்க வேண்டியதுதான?"

"வீட்டுல நீங்களும் இல்ல, மாமாவும் இல்ல. தனியா வாசல்ல உக்காந்தா, போறவக வாரவக எல்லாம், விசேசம் உண்டான்னு வயித்தப் பாக்காக. உள்ள போயிட்டா யாரும் கேக்க மாட்டாகன்னு போனேன். போன பொறவு வெளிய வர முடியல. போலீஸ் பரீட்சைக்குப் படிக்கணும்னு புத்தகம் கொண்டாந்தேன். லைட்டப் போட்டா அவியளுக்குக் கண்ணு கூசும். செல்லுல அம்மாகிட்டப் பேசவும் முடியாது. சும்மா உக்காந்திருப்பேன். எங்க ஊருல வாசல்ல நின்னா மலை வரைக்கும் தெரியும் அத்தை."

முத்துப்பேச்சி வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "சொவத்த எடுத்துருவோம். அவன் பழையபடி தூங்குவான். அவனுக்கு இதெல்லாம் பழக்கம்" என்றாள்.

மாரிச்செல்வி தயங்கினாள். சொல்லலாமா வேண்டாமா என்று பிளஸ்ஸியின் முகத்தைப் பார்த்தாள்.

"இல்ல அத்தை. முன்ன அவிய தூங்குனதே இல்லயாம். கண்ண மூடிக்கிட்டுக் கெடப்பாகளாம், நீங்க வேலைய நிறுத்திட்டு ஒதுங்கி நிக்கக் கூடாதுன்னு. இந்தச் சொவரு வந்த பொறவுதான் பகல்ல ஒறங்குதேன்னு சொன்னாக. மில்லுல மிஷின் முன்னால கண்ணு சொக்குறது இல்லயாம். அதான் நான் அசையாம இருந்தேன்."

முத்துப்பேச்சிக்கு அதைத் தாங்க முடியவில்லை. "எட்டு வருசமா?" என்று ஒரு முறைதான் கேட்டாள். குடத்தை எடுத்துக் குழாயடியில் வைத்தாள். குழாயில் தண்ணீர் வரவில்லை. அதைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் குனிந்து நின்றாள்.

பிளஸ்ஸிக்கு அங்கே நிற்க முடியவில்லை. வேலுசாமியிடம் பேசிவிட்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். பட்டறைக்குப் போகவில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். திரைக்கு அந்தப் பக்கம் அசையாமல் கிடந்த அப்பா நினைவில் வந்தார். எத்தனை மத்தியானங்கள். ஓர் இருமல்கூட வராமல், கட்டில் ஒரு முறைகூடக் கிறீச்சிடாமல். பக்கவாதத்தில் விழுந்த மனுஷன், ராத்திரியெல்லாம் உறக்கம் வராமல் புரண்டவர், பகலில் அவள் பேசுகிற நேரம் பார்த்துச் சரியாகத் தூங்கியிருப்பாரா? திரையை விலக்கியதும் கண்ணைத் திறந்து அவளையே பார்ப்பாரே, அது தூங்கி எழுந்த கண்ணா? தண்ணீர் தவித்திருக்கலாம். திரும்பிப் படுக்க வேண்டியிருந்திருக்கலாம். கேட்க இனி ஆள் இல்லை. அந்த அசையாமைக்கு அவள் வைத்த பேர், தங்கமானவர். பக்கத்து ஸீட்டில் இருந்த பெண் எட்டிப் பார்த்து, "என்னம்மா, யாரும் தவறிட்டாங்களா?" என்று கேட்டபோதுதான் தான் அழுதுகொண்டிருப்பது அவளுக்குத் தெரிந்தது. ஆமாம் என்றாள்.

அடுத்த வாரம் வேலுசாமியை அழைத்துக்கொண்டு திரும்பவும் போனாள். இந்த முறை டேப்பை எடுக்குமுன் ஒவ்வொருவரையும் உட்கார்த்திக் கேட்டாள். இந்த வீட்டில் யார் எப்போது தூங்குகிறீர்கள், யார் எப்போது வருகிறீர்கள், பகலில் யார் எங்கே இருக்கப் பிரியப்படுகிறீர்கள்? சீனிச்சாமி முதலில் சிரித்தார். பிறகு, "உக்கார எடம் இருந்தா நான் ஏன் டீக்கடைல கெடக்கப்போறேன்?" என்றார். அவரிடம் யாரும் அதுவரை அதைக் கேட்டதில்லை.

சுவரை எடுக்கவில்லை. ஓர் அலமாரியின் அகலத்தைக் குறைத்து, மிச்சமான இடத்தில் சத்தமில்லாத கீல் போட்டு ஒரு குறுகிய கதவு வைத்தார்கள். கதவு விளிம்பில் கம்பளித் துணி ஒட்டினார்கள். இரும்புச் சக்கரம் போய் ரப்பர் சக்கரம் வந்தது. உள்பக்கப் பலகைக்குப் பஞ்சுமெத்தை அடித்து, வெளியிலிருந்து போகிற சத்தத்தைக் குறைத்தார்கள். வாசலை ஒட்டி வெளிச்சம் விழுகிற சுவரில் ஒரு நீளப் பலகை. மேலே தூக்கினால் சுவரோடு சுவர், இறக்கினால் பகலில் மாரிச்செல்வி படிக்கிற மேசை, சாயங்காலம் நாலு பேர் சாப்பிடுகிற இடம். அதன் அடியிலிருந்து சீனிச்சாமிக்கு ஒரு சாய்வுப்பெஞ்சு வெளியே வரும்.

வேலை முடிந்து ஒரு வாரம் கழித்துக் கதவைச் சரிபார்க்கப் போனபோது விஜயபாண்டி முழித்துதான் இருந்தான். "எங்கம்மாட்ட என்ன சொன்னீங்கன்னு தெரியல. நான் தூங்குறப்ப வந்து கதவத் தொறந்து பாத்துட்டுப் போகுது" என்றான். கூச்சத்தோடு சிரித்தான்.

மாமியாரும் மருமகளும் உடனே ஒன்றாகிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. முத்துப்பேச்சிக்கு மகன்மேலேயே கொஞ்ச நாள் கோபம் இருந்தது. ஆனால் கம்பெனி விட்டு வரும்போது வாசலருகில் ஓர் ஆள் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தது. டீ குடிக்கிறாயா என்று தாழ்ந்த குரலில் கேட்டால் தாழ்ந்த குரலில் பதில் வந்தது. அது போதும் என்று முத்துப்பேச்சி போனில் சொன்னாள். "ஞாயித்துக்கெழமை சாமி கும்பிட்டுட்டு இங்க வந்துரு தாயி. கறி எடுக்கேன்" என்றும் கூப்பிட்டாள்.

பிளஸ்ஸி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனாள். பலகையில் நாலு பேருக்குத்தான் இடம். இவள் உட்கார்ந்ததும் சீனிச்சாமி, எனக்குப் பசிக்கலை, நீங்க சாப்பிடுங்க என்று சட்டையை மாட்டிக்கொண்டு டீக்கடைக்கு நடந்தார். எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை. முத்துப்பேச்சி பிரியமாக அள்ளி அள்ளி வைத்தாள். சாப்பாடு ருசியாக இருந்தது. அதற்குப் பிறகு கூப்பிட்டபோதெல்லாம் பிளஸ்ஸி ஏதாவது வேலை இருப்பதாகச் சொன்னாள்.

வேலை நிஜமாகவே வந்துகொண்டிருந்தது. புது வீட்டுக்குப் போனால் முதலில் தூக்கத்தைப் பற்றித்தான் கேட்பாள். அந்த அம்மா ஒரு மாதிரி, கட்டிலை அளக்கச் சொன்னால் கனவைக் கேட்கும் என்று வேலுசாமி பட்டறையில் சொல்லிச் சிரிப்பார்.

கார்த்திகை மாசத்தில் ஒரு மத்தியானம், மழை விட்டிருந்த நேரம், மாரிச்செல்வியிடமிருந்து போன் வந்தது. கதவு ஏதும் இறங்கிவிட்டதோ என்று பயந்துகொண்டே எடுத்தாள்.

"ஒண்ணுமில்லக்கா. அத்தை டூட்டிக்குப் போயிருக்காக. மாமா அந்தப் பெஞ்சுல ஒறங்குறாக. அவியளும் ஒறங்குறாக. சும்மா கூப்பிட்டேன்."

"சும்மாவா?"

"ஆமாக்கா. யாருகிட்டயாவது பேசணும் போல இருந்துச்சு."

இருவரும் பேசினார்கள். படித்தது, மழை, மகாராஜபுரத்தில் அவள் அம்மா வளர்க்கிற எருமை கன்று போட்டது. பேச்சு நடுவில் மாரிச்செல்வி நிறுத்தி, "நீங்க ஏன்க்கா இம்புட்டு மெதுவாப் பேசுதீக? அங்கயும் யாரும் ஒறங்குறாகளா?" என்று கேட்டாள்.

பிளஸ்ஸி தலையைத் திருப்பிக் கூடத்தைப் பார்த்தாள்.

"இல்லடி. இங்க யாரும் இல்ல" என்று வாய்விட்டுச் சொன்னாள். அவள் குரல் அவளுக்கே அதிகச் சத்தமாகக் கேட்டது.

"அப்ப நல்லாப் பேசுங்கக்கா."

"ஒரு நா வாரியா இங்க? படிக்கிறதுக்கு எடம் நெறைய இருக்கு."

"வாரேன்க்கா. அத்தைகிட்டக் கேட்டுட்டு வாரேன்" என்றாள் அந்தப் பெண். உள்ளே விஜயபாண்டி இருமினான் போலிருக்கிறது, அவசரமாக வைத்துவிட்டாள்.

பிளஸ்ஸி போனை மேசையில் வைத்தாள். பிறகு எழுந்து சாதத்தைச் சூடாக்கிச் சாப்பிட்டாள். ராத்திரி படுக்கப் போகிறவரை அன்று அவள் வேறு யாரிடமும் பேசவில்லை.